பிறர் திருநாளும் தம் விளக்கும்



பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் இடங்களில் ஆண்டுதோறும் எழும் வினா ஒன்று உண்டு. தம் சமயத்தைச் சாராத திருநாளைத் தம் வீட்டில் கொண்டாடலாமா, கூடாதா என்பதே அது. டிசம்பர்த் திங்கள் பிறந்தால் கிறித்தவர் அல்லாத குடும்பங்கள் பலவற்றில் இவ்வினா குழந்தைகளின் வாய்வழியாகவே வந்துவிடுகிறது. அடுத்த வீட்டில் மரம் ஒளிர்கிறது. நம் வீட்டில் ஏன் இல்லை என்று குழந்தை கேட்கிறது. இதற்கு விடை தேடித் தலைமுறை தலைமுறையாக உழன்றோருள் ஜெர்மன் மொழி பேசிய யூதர் குறிப்பிடத்தக்கவர். அவர் வரலாற்றில் இரு வீடுகளின் நிகழ்ச்சிகள் இவ்வினாவின் ஆழத்தைக் காட்டுவன.

கிறிஸ்துமஸ் மரம் யூதர் இல்லங்களுள் நுழைந்தது நேற்றன்று. பெர்லினில் பிறந்து வியன்னாவில் வாழ்ந்த ஃபானி ஃபொன் ஆர்ன்ஷ்டைன் என்னும் யூதப் பெருமாட்டி 1814ஆம் ஆண்டிலேயே தம் மாளிகையில் மரம் வைத்ததை அந்நாளைய காவல்துறை ஒற்றர் அறிக்கை குறித்துவைத்தது. பின்னர் ஆஸ்திரியாவில் 1867இலும், ஜெர்மன் பேரரசில் 1871இலும் யூதர்க்குச் சட்டத்தில் சம உரிமை கிடைத்தது. சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் கூடத்தில் அமர இடம் கிடைக்குமா என்ற ஐயம் நீங்கவில்லை. தாமும் பிறரைப் போன்ற குடிமக்களே என்று காட்ட விரும்பிய குடும்பங்கள் பல, மரத்தை விரும்பி ஏற்றன.

முதல் வீடு வியன்னாவில் இருந்தது. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், தியோடர் ஹெர்ட்சல் தம் குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் மரத்தில் மெழுகுவத்திகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவ்வேளையில் வியன்னாவின் தலைமை யூத குரு மோரிட்ஸ் கூடமன் உள்ளே வந்தார். வந்தவர் முகம் வாடியது. ஹெர்ட்சலோ பிறர் வற்புறுத்தலுக்குத் தாம் இணங்குவதில்லை என்றும், அம்மரத்தை ஹனுக்கா மரம் என்றோ, கதிரவன் திரும்பும் நாளின் மரம் என்றோ எவரும் அழைத்துக்கொள்ளட்டும் என்றும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இரண்டு திங்கள் கழித்து, 1896 பிப்ரவரியில், யூதர்க்குத் தனி நாடு வேண்டும் என்று வாதிடும் அவரது நூல் வெளிவந்தது என்பதை எண்ணும்போதுதான் இக்காட்சியின் வியப்பு விளங்கும்.

இரண்டாம் வீடு பெர்லினில் இருந்தது. யூத மறைஞானத்தை ஆராய்ந்து பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கெர்ஷோம் ஷோலெம் பிறந்த வீடு அது. அவர் தந்தை அச்சகம் நடத்தியவர். அவ்வீட்டில் கிறிஸ்துமஸ் நாளில் மரம் ஒளிரும், விருந்து நடக்கும், பணியாளர்க்கும் உறவினர்க்கும் பரிசுகள் வழங்கப்படும். இது கிறித்தவத் திருநாள் அன்று, ஜெர்மன் மக்களின் திருநாள் என்பது அவர்கள் கூறிய சமாதானம். அதே வீட்டில் வெள்ளிக்கிழமை இரவில் ஓய்வுநாள் விளக்கும் ஏற்றப்பட்டது. ஆனால் ஓய்வுநாளில் தீ மூட்டலாகாது என்பது யூதர் நெறியாக இருக்க, அவ்விளக்கின் சுடரிலேயே சுருட்டைப் பற்றவைத்துக்கொள்ளவும் அங்கு எவரும் தயங்கியதில்லை. 1977இல் வெளிவந்த தம் இளமை நினைவு நூலில் ஷோலெம் இவற்றைப் பதிந்துள்ளார்.

1911ஆம் ஆண்டு அவருக்கு வயது 14. தாமே முயன்று எபிரேய மொழி பயிலத் தொடங்கியிருந்தார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் மரத்தடியில் அவருக்கென ஒரு பரிசு காத்திருந்தது. கருஞ்சட்டமிட்ட ஹெர்ட்சலின் படம் அது! மகன் சியோனியத்தில் ஆர்வம் கொண்டவன் என்று எண்ணித் தாய் அன்போடு தேர்ந்தெடுத்த பரிசு. அதன் பின்னர் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் நாளிலும் அவ்விளைஞர் வீட்டைவிட்டு வெளியேறிவிடுவார். தாயின் அன்பில் குறையில்லை. எனினும் மகன் தேடிக் கண்ட தன் வேரும் அம்மரத்தின் அணிகலன்களுள் ஒன்றாகிவிட்டதே என்பதுதான் அவர் உள்ளத்தைச் சுட்டிருக்க வேண்டும்.

பெற்றோர் கூற்றிலும் உண்மை இல்லாமல் இல்லை. நற்செய்தி நூல்களில் மரம் பற்றிய பேச்சே இல்லை. டிசம்பர் 25 என்னும் நாளும் இல்லை. இதனைக் காரணம் காட்டியே இறைப்பற்று மிக்க கிறித்தவர் சிலரும் அந்நாளைக் கொண்டாட மறுத்தனர். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் தூய்மைவாதிகள் 1659ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் கொண்டாடுவோர்க்கு 5 ஷில்லிங் தண்டம் விதித்தனர். 1681இல்தான் அச்சட்டம் நீங்கியது. ஆகவே, கொண்டாடுபவர் எல்லாரும் கிறித்தவர் என்றோ, கொண்டாடாதவர் எல்லாரும் அச்சமயத்தை இகழ்பவர் என்றோ முடிவுகட்டுவது பொருந்தாது.

மரம் வைத்ததனால் அக்குடும்பங்களுக்குப் பாதுகாப்புக் கிட்டியதா என்றால், இல்லை. ஷோலெமின் தமையன் வெர்னர் 1940இல் புகன்வால்ட் வதைமுகாமில் கொல்லப்பட்டார். இதனைச் சுட்டி, மரம் வைத்தவர்களை ஏளனம் செய்வோர் உளர். அது நேர்மையன்று. குற்றம் கொன்றவர்களுடையதே அன்றி, அண்டை வீட்டாரைப் போல வாழ விரும்பியவர்களுடையது அன்று. ஆயினும் ஒரு பாடம் உண்டு. பிறர் தம்மை ஏற்பார்கள் என்பதற்காக மட்டும் ஒரு விழாவை மேற்கொண்டால், அவ்வேற்பு தவறும் நாளில் கையில் எஞ்சுவது ஒன்றுமில்லை.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவில் இவ்வினா வேறு வடிவங்கள் கொண்டது. வெண்பனிக் கிறிஸ்துமஸைப் பாடும் புகழ்மிக்க பாடலை இயற்றியவர் இர்விங் பெர்லின் என்னும் யூதர். 1942இல் திரைப்படம் ஒன்றின் வழியே அது பரவியது. அவர் மனைவி கத்தோலிக்கர். அவர்களுடைய பச்சிளம் ஆண்மகவு 1928ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாளன்றே இறந்துபோயிற்று. உலகை மகிழ்வித்த அந்நாள் அவ்வீட்டிற்குத் துயர நாள். எனினும் தம் பெண்மக்களுக்காக அவர்கள் அதனைக் கொண்டாடியே வந்தனர். ஒரு திருநாளைக் கொண்டாடுவோர் நெஞ்சில் சமயம் மட்டுமே இருப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்நாட்டிலேயே இன்னொரு வழியும் உண்டு. கிறிஸ்துமஸ் நாளில் யூதத் தொண்டர்கள் மருத்துவமனைகளுக்கும் உணவுச்சாலைகளுக்கும் சென்று பணிபுரிவர். கிறித்தவப் பணியாளர் தம் குடும்பத்தோடு இருக்கட்டும் என்பது நோக்கம். மரம் வைக்காமலே, பாடல் பாடாமலே, பிறர் திருநாளைச் சிறக்கச் செய்யும் செயல் இது. மறுப்பு என்பது வெறுப்பாக வேண்டியதில்லை என்பதனை இவர்கள் மெய்ப்பித்துவருகின்றனர்.

இனி, வியன்னாவின் வீட்டிற்கே மீளலாம். மரத்தில் ஒளியேற்றிய ஹெர்ட்சல் ஈராண்டு கழித்து, 1897 டிசம்பரில், தம் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தன் மரபை மறந்திருந்த கலைஞன் ஒருவன் ஹனுக்கா விளக்கை வாங்கி வந்து, தன் குழந்தைகளோடு நாளுக்கு ஒரு சுடராக ஏற்றும் கதை அது. முதல் நாள் தனித்து நிற்கும் சுடர், எட்டாம் நாள் ஒளிவரிசையாகிறது. அக்கலைஞன் அவரே என்பது அறிஞர் பலர் கருத்து. குருவின் முகவாட்டம் அவரை மாற்றவில்லை; வற்புறுத்தல் மாற்றவில்லை; தம் விளக்கின் பொருளைத் தாமே அறிந்த பிறகே மாற்றம் வந்தது.

எனவே, பிறர் திருநாளைக் கொண்டாடலாமா என்ற வினாவிற்கு எல்லார்க்கும் பொதுவான ஒரே விடை இல்லை. ஆனால் விடை காண அளவுகோல் ஒன்று உண்டு. அச்சத்தால் ஏற்பதும் தாழ்வு; பகையால் மறுப்பதும் தாழ்வு. ஏன் ஏற்றோம், ஏன் மறுத்தோம் என்பதைத் தம் குழந்தைக்கு நாணமின்றி எடுத்துரைக்க முடியுமானால், அவ்விரண்டும் உயர்வே. தம் விளக்கைச் சுருட்டுப் பற்றவைக்கப் பயன்படுத்தியவர்க்கு அயலார் மரத்தின் ஒளி ஈடாகவில்லை. தம் விளக்கைப் பேணுவோர்க்கோ, அண்டை வீட்டு ஒளி ஒருநாளும் தீங்கு செய்வதில்லை.