ஆரிகன் வண்டித் தடமும் கூடார முகாம்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்கு மாநிலங்களிலிருந்து பசிபிக் கடற்கரையை நாடிச் சென்ற குடியேறிகள், எருது பூட்டிய வண்டிகளில் கடந்த நெடுவழிக்கு ஆரிகன் தடம் என்று பெயர். மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் தொடங்கி, இன்றைய கான்சஸ், நெப்ராஸ்கா, வயோமிங், ஐடஹோ மாநிலங்களைக் கடந்து, ஆரிகன் சிட்டியில் முடியும் இவ்வழியின் நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். 1840-களிலிருந்து 1860-கள் வரையில் இவ்வழியையும், இதினின்று பிரிந்த கலிபோர்னியா, யூட்டா வழிகளையும் பயன்படுத்தியோர் மூன்று முதல் நான்கு லட்சம் பேர் என்று கணிக்கப்படுகிறது.

இன்று அதே வழியோரத்தில் விடுமுறையைக் கழிக்க வரும் குடும்பங்கள் கூடாரமடித்துத் தங்குகின்றன. அன்று தேவைக்காகச் செய்யப்பட்ட செயல் இன்று உல்லாசத்திற்காகச் செய்யப்படுகிறது. செயல் ஒன்றே, ஆனால், அதனைச் செய்யும் முறையில் பெரும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு எவ்வாறு ஏற்பட்டது என்பது, இயற்கை வளத்தையும் வரலாற்றுச் சின்னங்களையும் ஒருங்கே காக்க வேண்டிய எந்த நாட்டின் நிர்வாகத்திற்கும் பயன் தரும் செய்தியாகும்.

முகாம்களின் தொடர்

ஆரிகன் தடத்தைச் சாலை என்பதைவிட முகாம்களின் தொடர் என்பதே பொருந்தும். வண்டிகள் ஒரு நாளில் 25 முதல் 30 கிலோமீட்டர் வரை நகர்ந்தன. பயணம் முழுவதற்கும் நான்கு முதல் ஆறு மாதங்கள் பிடித்தன. வண்டியில் மாவும் உப்பிட்ட இறைச்சியும் கருவிகளும் நிறைந்திருந்தமையால், பெரும்பாலோர் நடந்தே சென்றனர். மாலையில் வண்டிகளை வட்டமாக நிறுத்தி அடுப்பு மூட்டினர். விடியுமுன் எழுந்து மீண்டும் புறப்பட்டனர். ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒருசேரப் புறப்பட்ட 1843-ஆம் ஆண்டுப் பயணம், பின்வந்த பெருங்குடியேற்றத்திற்கு முன்னோடியாயிற்று.

முகாமிடம் ஒன்றுக்கு நீர், புல், விறகு ஆகிய மூன்றும் வேண்டும். வசந்த காலத்தில் புல் முளைத்த பின்னரே புறப்பட முடியும். மலைகளில் பனி விழுமுன் அவற்றைக் கடந்தாக வேண்டும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் எல்லோரும் பயணம் செய்ய நேர்ந்ததால், ஒரு குழு தங்கிய இடத்திலேயே அடுத்தடுத்துப் பல குழுக்கள் தங்கின.

கெட்டுப்போன முகாம்கள்

இதன் விளைவுகள் கடுமையாக இருந்தன. பிளாட் ஆற்றங்கரையில் மரங்கள் அரிதாயின; காட்டெருமைச் சாணம் உலர்ந்த வறட்டியே அடுப்பெரிக்கப் பயன்பட்டது. பின்வந்த குழுக்கள் தங்கள் மாடுகளை மேய்க்கப் புல்தேடி வழியைவிட்டு வெகுதூரம் விலக வேண்டியதாயிற்று.

எல்லாவற்றிலும் கொடியது நீர் கெட்டதாகும். முகாமின் கழிவுகள் ஆற்றோரக் குழிகளிலும் ஊற்றுகளிலும் கலந்தன. அந்த நீரையே அடுத்த குழு பருகியது. 1849 முதல் 1852 வரையிலான ஆண்டுகளில் பிளாட் பள்ளத்தாக்கில் காலரா பலரைப் பலிகொண்டது. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் புதைக்கப்பட்டதும் உண்டு. பயணம் மேற்கொண்டோரில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பேர் வரை வழியில் இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலர் கூறும் மதிப்பீடு. பழங்குடியினரின் தாக்குதலால் இறந்தோரைவிட நோயால் இறந்தோரே மிகப் பலர். காலராவுக்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் எகிப்திலும், பின்னர் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தது 1884-ஆம் ஆண்டில்தான். தம் முகாமே தமக்கு எமனாவதைக் குடியேறிகள் அறிந்திருக்கவில்லை.

மண்ணின் மக்கள் கொடுத்த விலை

இவ்வழி ஆளில்லாத வெளியில் அமைந்ததன்று. லகோட்டா, செயேன், அரபஹோ, ஷோஷோனி, கையூஸ் முதலிய பல மக்களின் வாழ்நிலத்தினூடே அது சென்றது. அவர்களுடைய குதிரைகளுக்குரிய புல்லைக் குடியேறிகளின் மாடுகள் மேய்ந்தன. உணவுக்கு ஆதாரமான காட்டெருமைக் கூட்டங்கள் ஆற்றங்கரைகளை விட்டு அகன்றன. 1847-ல் குடியேறிகளுடன் வந்த தட்டம்மை, கையூஸ் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை மாய்த்தது.

இந்த இழப்பை அமெரிக்க அரசே ஒருவகையில் ஒப்புக்கொண்டது. 1851-ல் லாரமி கோட்டை அருகே பல பழங்குடி நாடுகளுடன் செய்த உடன்படிக்கையில், வழிப்போக்கரைத் தடையின்றிச் செல்ல விடுவதற்கும் நேர்ந்த சேதங்களுக்கும் ஈடாக ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் ஐம்பது ஆண்டுகளுக்கு வழங்க இசைந்தது. ஆனால், செனட் சபை அந்தக் காலத்தைப் பத்தாண்டுகளாகக் குறைத்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே உடன்படிக்கை மீறப்பட்டுப் போரும் மூண்டது.

மறதியும் மீட்பும்

1869-ல் கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை நிறைவு பெற்றதும், வண்டிகள் குறைந்தன. ஏர் உழுத வயல்களில் தடம் மறைந்தது. 1852-ல் இளைஞராக இவ்வழியில் சென்ற எஸ்ரா மீக்கர் என்பவர், 1906-ல் தமது எழுபத்தைந்தாம் வயதில் எருது வண்டியொன்றில் கிழக்கு நோக்கித் திரும்பிப் பயணம் செய்தார். ஊர் ஊராக நின்று, வழியை அடையாளம் காட்டும் கற்களை நாட்டுமாறு மக்களைத் தூண்டினார். தலைநகரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டையும் சந்தித்து ஆதரவு கோரினார்.

1968-ல் தேசிய வழித்தடச் சட்டம் இயற்றப்பட்டது. 1978-ல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, ஆரிகன் தடம் தேசிய வரலாற்று வழித்தடமாக அறிவிக்கப்பட்டது. சக்கரச் சுவடுகள் தெளிவாகக் காணக்கூடிய பகுதி ஏறத்தாழ 500 கிலோமீட்டர் மட்டுமே எஞ்சியிருந்தது.

நிர்வாக முறையில் ஒரு சிறப்பு உண்டு. வழி முழுவதையும் ஒரே துறை கைப்பற்றவில்லை. தேசியப் பூங்காப் பணித்துறை ஒருங்கிணைக்கிறது. நில மேலாண்மைப் பணியகம், வனத்துறை, மாநில அரசுகள், நகராட்சிகள் ஆகியன தத்தம் பகுதியைக் காக்கின்றன. பெரும்பகுதி தனியார் பண்ணைகளில் உள்ளது. உரிமையாளரின் சம்மதமின்றி அந்நிலங்களை மத்திய அரசு எடுத்துக்கொள்ள இச்சட்டம் இடந்தரவில்லை. ஆகவே, பண்ணையாரின் நல்லெண்ணமும் தன்னார்வலரின் உழைப்பும் இன்றித் தடத்தைக் காக்க இயலாது.

இன்றைய முகாம்கள்

இன்று கூடாரமடிக்க விரும்புவோருக்குப் பல மாநிலப் பூங்காக்கள் இடமளிக்கின்றன. வயோமிங்கில் கெர்ன்சி நீர்த்தேக்கத்தின் கரையில் தங்குவோர், அருகிலுள்ள மணற்கல் மேட்டுக்குச் சென்று பார்க்கலாம். அங்கே சக்கரங்களும் குளம்புகளும் பாறையை ஒன்றரை மீட்டர் ஆழம் வரை தேய்த்திருக்கின்றன. ஐடஹோவில் மூன்று தீவுத் துறை என்னும் இடத்தில், குடியேறிகள் உயிரைப் பணயம் வைத்துக் கடந்த ஸ்நேக் ஆறு இன்று முகாம் வாசலில் ஓடுகிறது. அந்த ஆற்றைவிட்டு வழி விலகிய இடமாகிய ஃபேர்வெல் பெண்ட், நீல மலைகளில் உள்ள எமிகிரண்ட் ஊற்றுகள் ஆகிய ஆரிகன் மாநில முகாமிடங்கள் இரண்டும், அன்று வண்டிகள் உண்மையாகவே தங்கிய இடங்களாகும். ஹூட் மலைக் காடுகளில், 1846-ல் திறக்கப்பட்ட பார்லோ சுங்கச் சாலையின் எச்சங்களை ஒட்டியும் முகாம்கள் உள்ளன. செங்குத்துச் சரிவுகளில் வண்டிகளைக் கயிற்றால் மரங்களில் கட்டி இறக்கிய வழி அது.

வரலாற்றைக் கேட்க விரும்புவோர் பென்டில்டன் நகரையொட்டி உமடில்லா பழங்குடிக் கூட்டமைப்பு 1998-ல் திறந்த பண்பாட்டு நிலையத்திற்கும் செல்ல வேண்டும். அங்கே இதே வழியின் கதையைக் கையூஸ், உமடில்லா, வல்லா வல்லா மக்கள் தம் வாயால் கூறுகின்றனர். குடியேறியின் கதையை மட்டும் கேட்டுத் திரும்புவோர் பாதிக் கதையையே அறிந்தவராவர்.

விதிகள் கூறும் பாடம்

பொதுநிலங்களில் கூடாரமடிப்போர் கேட்டுக்கொள்ளப்படும் ஒழுங்குகள் சில: நீர்நிலையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிக் கூடாரமடித்தல், மலத்தை அதே தொலைவில் குழிதோண்டிப் புதைத்தல், வறட்சிக் காலத்தில் தீ மூட்டாதிருத்தல், ஓரிடத்தில் வழக்கமாக 14 நாட்களுக்கு மேல் தங்காதிருத்தல், கொண்டுவந்த குப்பையைத் திருப்பி எடுத்துச் செல்லுதல். நீர், புல், விறகு என்ற அன்றைய மூன்று தேவைகளுக்கும் நேர்ந்த கேடுகளை இவ்விதிகளுக்கு அருகே வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஓர் அழிவு நிற்பது புலனாகும்.

தடத்திற்கென்றே உரிய ஒழுங்குகளும் உண்டு. ஈரமான மண்ணில் மோட்டார் வாகனம் ஒருமுறை ஏறினாலும், நூற்றைம்பது ஆண்டுப் பழைய சுவட்டின்மேல் புதிய சுவடு பதிந்துவிடும். ஆகவே, குறிக்கப்பட்ட பாதையைவிட்டு வாகனம் விலகக் கூடாது. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைப் பொதுநிலத்திலிருந்து அனுமதியின்றி எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வணிக நோக்கில் வருவோரும் பெரிய அளவில் ஏற்பாடு செய்து வருவோரும் தனி அனுமதி பெற வேண்டியிருக்கலாம். இண்டிபெண்டன்ஸ் பாறையில் குடியேறிகள் செதுக்கிய பெயர்கள் இன்று வரலாற்றுச் சான்றுகள். அதே பாறையில் இன்று ஒருவர் தம் பெயரைச் செதுக்கினால் அது சேதம். இந்த வேற்றுமையை இளைஞர்க்கு உணர்த்துவதே வழிகாட்டிகளின் முதற்பணி.

வழியைப் பூட்டிவைத்துக் காக்கலாமே என்று ஒரு வாதம் எழலாம். மீக்கரின் அனுபவம் அதற்கு விடை கூறுகிறது. எவரும் நடக்காத வழியை எவரும் நினைவில் வைப்பதில்லை. நினைவில் இல்லாததை ஏர் உழுதுவிடும். அதே சமயம், கட்டுப்பாடின்றி எல்லோரும் வந்து தங்கினால் வழி தேய்ந்தே போகும். காக்க வேண்டிய சுவட்டின்மீது கூடாரமடிக்காமல், அதைக் காணும் தொலைவில் கூடாரமடிக்கச் செய்வதே இங்கு கையாளப்படும் முறை. அன்று வந்த ஒவ்வொரு குழுவும், தனக்குப் பின்னால் வருவோர்க்குக் கெட்ட நீரையும் வெற்று நிலத்தையும் விட்டுச் சென்றது. பின்னால் வருவோரையும் அவ்விடத்து மக்களையும் எண்ணி முகாமைவிட்டு நீங்கும் பழக்கமே இன்றைய முகாம் வாழ்வு கற்றுத்தரக்கூடிய கல்வி. அதற்கு வாய்ப்பளிக்கும் விதிகளை வகுப்பது நிர்வாகத்தின் கடமை.