சனி ஞாயிறு வந்த குரல்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், எழுபதுகளில் படித்து வெளியேறிய ஒரு வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



பாடசாலையின் கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் வலைப்பந்தாட்டக் குழுவைப் பற்றியும் எங்களுக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். எங்கள் வகுப்புக்கு மிஞ்சியிருப்பது ஒரு சிறிய விடயம். அது வானொலி, அதிலும் சனி ஞாயிறுகளில் கேட்ட வானொலி. இதையா நூற்றாண்டு விழாவில் பேசப்போகிறீர்கள் என்று எங்களுக்குள்ளேயே சிலர் சிரித்தார்கள். இந்த மலருக்காக முகவரிப் பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தபோது சிரிப்பு நின்றது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பத்தாம் வகுப்பை இங்கே முடிக்கவில்லை. அவர்கள் இந்தியா போனார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்கு முதலில் சொன்னது தபாலும் அல்ல, சொந்தக்காரர்களும் அல்ல, வானொலிதான்.

நமது சங்கத்துக்கும் இந்த நாட்டு வானொலிக்கும் ஒரே வயது. கொழும்பில் 1925 டிசம்பர் 16 அன்று ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவில் வைத்திருந்தார். இங்கிருந்து கலஹா வழியாக இறங்கினால் போய்ச் சேருகிற அதே பூங்காதான். அந்தப் படைகளுக்காக அமைத்த பெரிய சிற்றலை ஒலிபரப்பி ஏக்கலையில் இருந்தது. போர் முடிந்து அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஒரு சின்னத் தீவுக்கு அவ்வளவு வலுவான ஒலிபரப்பி தேவையில்லை. ஆனால் கையில் இருந்ததால் கடல் கடந்து பேச முடிந்தது. 1950 செப்டெம்பர் 30 அன்று வர்த்தக சேவை தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து இந்திய அரசு தன் வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை என்று முடிவெடுக்க, பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட இந்தியா முழுவதும் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. இந்தியில் அமீன் சயானி, தமிழில் எஸ்.பி. மயில்வாகனன் என்று வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள் அப்படி உருவானவை. 1967 ஜனவரி 5 முதல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. எங்கள் வீடுகளில் மட்டும் கடைசிவரை 'சிலோன் ரேடியோ'தான்.

அந்தக் காலத்தில் லயத்தில் எல்லோரிடமும் ரேடியோ இருக்கவில்லை. வாங்கினால் போதாது, தபாற் கந்தோரில் அதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். கரண்ட் இல்லாததால் பேட்டரியில் ஓடும் பெட்டிதான். பேட்டரி தீர்ந்தால் அடுத்த சம்பளம் வரை பெட்டிக்கு மேல் பூத்துணியைப் போட்டு மூடி வைப்பார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கினால் இன்னும் இரண்டு பாட்டுக்குத் தாங்கும் என்பது எங்கள் லயங்களின் விஞ்ஞானம். கிழமை நாட்களில் விடியப் பிரட்டுக்குப் போகிறவர்கள் இரவில் விழித்திருக்க மாட்டார்கள். ஆகவே பேட்டரியை மிச்சம் பிடித்து வைப்பது சனிக்கும் ஞாயிறுக்கும்தான். ஞாயிறு கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போன அம்மாமார்கூட 'அந்த நாடகத்துக்கு முன்ன வந்துருவேன்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். விடுதியில் இருந்தவர்களுக்கும் இதே கதைதான். பொறுப்பாளர் அம்மாவின் அறை ஜன்னல் சனிக்கிழமை பின்னேரம் மட்டும் திறந்திருக்கும். நாங்கள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து கேட்போம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொழும்பு எங்களுக்குப் பக்கம்தான், ஆனால் சில அலைவரிசைகளில் கரகரவென்றே கேட்கும். சென்னைக்காரர்களுக்குப் பக்கத்து வீடு மாதிரிக் கேட்குமாம். விஞ்ஞான டீச்சரிடம் கேட்டபோது கரும்பலகையில் ஒரு வளைவு வரைந்து காட்டினார். சிற்றலை வானத்துக்கு ஏறி, மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தூரத்தில் போய் இறங்கும். புறப்பட்ட இடத்துக்கு அண்மையில் இருப்பவர்களைத் தாண்டிப் போய்விடும். அன்று அதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். பிறகு எங்கள் தோழிகள் அந்த வளைவு இறங்குகிற பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

எதையெல்லாம் கேட்டோம் என்று சொல்லத் தொடங்கினால் இந்த மேடை போதாது. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' என்ற தொடர் நாடகம், மரிக்கார் ராமதாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்', நேயர்களே எழுதி அனுப்பிய 'இசையும் கதையும்', கே.எஸ். ராஜா மூச்சுவிடாமல் பேசிய திரைப்பட விளம்பரங்கள், பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு'. இதில் எங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது பெண் குரல்கள். இராஜேஸ்வரி சண்முகம், விசாலாட்சி ஹமீது, செய்தி வாசித்த சற்சொரூபவதி நாதன். ஒரு பெண் நாட்டுக்குச் செய்தி சொல்லலாம் என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, காதால் கேட்டோம். ஞாயிறு முடிந்து திங்கள் காலை கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை வந்தவள், ஒரு புத்தகத்தைச் சுருட்டி வாய்க்கு முன் பிடித்துக்கொண்டு சற்சொரூபவதி அம்மாவைப் போலவே தொண்டையைச் செருமிவிட்டுத்தான் தொடங்குவாள். ழகரம் எங்கள் நாக்குக்கு வந்தது அப்படித்தான்.

இனி, போனவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய தங்கச்சிமாருக்கு இது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஏற்பாடு. அதையும் 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்தப் பக்கம் என்று வீட்டில் பெரியவர்கள் விண்ணப்பம் போட்டார்கள். பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. ஒரே இலக்கத்தில் ஒரே லயத்தில் பிறந்த அக்காவும் தங்கச்சியும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆன வீடுகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தன. கண்டியில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம். அதற்குப் பிறகு எங்கே என்பது போகிறவர்களுக்கே தெரியாது. 'போய் எழுதுறேன்' என்பார்கள். எழுதுவதற்கு அங்கே ஒரு முகவரி வேண்டுமே. இங்கே எங்களுக்கும் தபால் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து, தப்பால்காரர் பையில் ஏறி, கணக்கப்பிள்ளை கை மாறித்தான் லயத்துக்கு வரும். தோட்டம் மாறிப்போன குடும்பத்துக்கு அதுவும் வராது.

ஆகவே போகிறவர்களோடு எங்கள் வகுப்பு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதில் பிரதமர்கள் யாரும் கையெழுத்திடவில்லை. அங்கே போய் எந்த ஊரில் தங்கினாலும் கொழும்புக்கு ஒரு போஸ்ட் கார்டு போட வேண்டும். பாட்டு எதுவாகவும் இருக்கலாம், ஆனால் விரும்பிக் கேட்போர் பெயர்களோடு ஹேவாஹெட்ட என்ற ஊர்ப் பெயரையும் எழுத வேண்டும். கொழும்பின் முகவரி மாறாது, எல்லோருக்கும் மனப்பாடம். நாங்கள் சனி ஞாயிறு தவறாமல் கேட்போம். இதுதான் ஏற்பாடு. எங்களில் யார் முதலில் சொன்னது என்பதில் இன்றும் சண்டை உண்டு. மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்.

மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பாட்டு நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் பெயர்களை வாசிக்கத் தொடங்கினால் நாங்கள் பாட்டைக் கேட்பதில்லை. பெயர்களைத்தான் கேட்டோம். தூத்துக்குடி, காரைக்கால், நாகர்கோவில், புங்குடுதீவு, மட்டக்களப்பு. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடலூர் என்ற ஊரிலிருந்து ஒரு பெயர். அதோடு எங்கள் ஊர்ப் பெயர். அறிவிப்பாளர் 'ஹேவாஹெட்ட' என்பதைச் சற்றுத் தடுமாறித்தான் வாசித்தார். பாட்டு என்ன என்று எங்களில் ஒருத்திக்கும் இன்றுவரை ஞாபகமில்லை. படிக்கட்டில் அவ்வளவு சத்தம். கூடலூர் எங்கே இருக்கிறது என்று பார்க்க அட்லஸ் எடுத்து வந்தோம். நீலகிரி. தேயிலை மலை. அவளும் கொழுந்துக் கூடையோடுதான் நிற்கிறாள் என்று தெரிந்தது. அந்த அக்கா இந்த மலரை வாசிப்பார் என்பதால் பெயரைச் சொல்லாமல் விடுகிறோம்.

பிறகு கோத்தகிரி வந்தது, பந்தலூர் வந்தது, வால்பாறை வந்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு நடத்திய 'டான்டீ' தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் பலர். இந்தப் பெயர்கள் எல்லாம் எங்களுக்குப் பூகோளப் பாடத்தில் வந்தவை அல்ல. எங்கள் பக்கத்திலிருந்தும் கார்டு போட்டோம். அவற்றில் எத்தனை வாசிக்கப்பட்டன, அங்கே யார் கேட்டார்கள் என்பதெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகு, ஒவ்வொருவராகச் சந்தித்தபோதுதான் தெரிந்தது. ஒருவர் மட்டும், 'நம்ம தோட்டத்துப் பேர ரேடியோவுல கேட்டுட்டு எங்கம்மா ரெண்டு நாள் சாப்பிடல' என்று எழுதியிருந்தார். அது சந்தோஷமா துக்கமா என்று அவர் எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அதற்கு முன்பே எங்கள் கேட்கும் பழக்கம் மாறியிருந்தது. 1977, பிறகு 1983 ஜூலை. ஊரடங்குச் சட்டம் போட்ட இரவுகளில் பாட்டுக் கேட்க யாருக்கும் மனம் வராது. அப்போது திருப்பியது லண்டன் பக்கம். பிபிசி தமிழோசை எங்களுக்கு இரவு 9.15க்கு வரும். போர்வைக்குள் பெட்டியை வைத்து, சத்தத்தைக் குறைத்து, ஒரு லயத்தில் ஓர் அறையில் பத்துப் பேர். தமிழோசையும் தமிழருக்கு ஒரு வார இறுதியில்தான் வந்து சேர்ந்தது: 1941 மே 3, ஒரு சனிக்கிழமை. போர்க்காலச் செய்தி மடலாகத் தொடங்கியதற்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் இலங்கையர், சோ. சிவபாதசுந்தரம். ஒலிபரப்புக் கலையைப் பற்றித் தமிழில் புத்தகமே எழுதியவர். லண்டன் புஷ் மாளிகையிலிருந்து ஆனந்தியின் குரல் வந்தால், செய்தி எவ்வளவு கெட்டதாக இருந்தாலும், ஒருவர் நமக்கு நிதானமாகச் சொல்கிறார் என்ற ஆறுதல் இருக்கும். வடக்கையும் கிழக்கையும் பற்றிய செய்தியே நிறைய. மலையகம் என்ற சொல் எப்போதாவது வந்தால் ஒருவர் மற்றவரின் கையைப் பிடிப்போம்.

சீன வானொலியின் தமிழ்ப் பிரிவுக்கு எழுதி நாட்காட்டி வாங்கியவர்களும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸைக் கேட்டவர்களும் எங்களில் உண்டு. அந்த நாட்காட்டிகள் லயத்துச் சுவர்களில் வருடம் முடிந்த பின்னும் தொங்கின.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. அதுவும் ஒரு ஞாயிறு. அன்றிரவு எங்களில் சிலர் ரொறன்ரோவில், சிலர் லண்டனில், ஒருவர் கோயம்புத்தூரில், நாலைந்து பேர் இங்கேயே. இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது என்ன குறை என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு நாளைக்கு நாற்பது 'காலை வணக்கம்' வருகிறது. ஆனால் அந்தக் குழுவில் சேர, முதலில் யாராவது உங்கள் இலக்கத்தைத் தெரிந்திருக்க வேண்டும். வானொலிக்கு அது தேவையில்லை. பேசுகிறவருக்குக் கேட்பவர் எங்கே என்று தெரியாமலே குரல் போய்ச் சேரும். இன்னும் காணாமல் இருக்கும் எங்கள் தோழிகளிடம் ஸ்மார்ட் போன் இருக்கிறதோ இல்லையோ, அவர்களைத் தேடிப்போக எங்களிடம் இலக்கம் இல்லை.

ஆகவே இந்த நூற்றாண்டு ஆண்டில் எங்கள் வகுப்பு ஒரு வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பின்னேரம், பாடசாலையின் பழைய நூலக அறையில், எழுபது வயதைத் தாண்டிய அக்காமாரின் குரல்களைப் பதிவு செய்கிறோம். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லய இலக்கம், யாரோடு ஒரே வாங்கில் இருந்தார்கள், அவர் எந்த வருடம் போனார் என்ற ஐந்து கேள்விகள்தான். மற்றதை அவர்களே பேசுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் பேசலாம். வருகிறவர்களுக்குத் தேநீரும் றொட்டியும் உண்டு. நீலகிரியிலும் வால்பாறையிலும் இருப்பவர்களுக்கு அங்கேயே பதிவு செய்து அனுப்ப, கூடலூர் அக்காவின் மகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வகுப்பில் இன்னும் கண்டுபிடிக்க முடியாதவர்களின் பட்டியலைத் தயாரித்திருக்கிறோம். திருமணத்துக்கு முந்திய பெயர், தகப்பனார் பெயர், தோட்டம், போன வருடம் என்ற ஒழுங்கில் இருக்கும். வேறு வகுப்பினரும் தங்கள் பட்டியலை இன்று மாலைக்குள் செயலாளரிடம் கொடுக்கலாம். இப்போது எங்கள் தோழி ஒருவர் அந்தப் பெயர்களை வாசிப்பார். திங்கள் காலைக் கூட்டத்தில் புத்தகத்தைச் சுருட்டிப் பிடித்துச் செய்தி வாசித்தவர் அவர்தான். பெயர் தெரிந்தவர்கள் இருந்த இடத்திலிருந்தே கையை உயர்த்துங்கள்.