ஒரே வரி சமத்துவமா?
(அம்பத்தூரில் பேசியது)

தோழர்களே! எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வரி போட்டால் அதுவே சமத்துவம் என்பதாகச் சிலர் சொல்லுகின்றார்கள். 2017 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை குளிக்கிற சோப்புக்கு 18 சதவிகிதம் சரக்கு சேவை வரி இருந்தது. இங்குள்ள தொழிற்பேட்டைத் தொழிலாளியும் அதைத்தான் கொடுத்தான். முதலாளியும் அதைத்தான் கொடுத்தார். தொழிலாளிக்கு அது பிள்ளையின் பாலுக்கான காசு. முதலாளிக்கோ கணக்கிலேயே வராத காசு. இதுவா சமத்துவம்?

நிற்க, 2015-ல் செல்வ வரியை எடுத்தார்கள். 2019-ல், சலுகை வேண்டாமென்ற கம்பெனிகளுக்கு லாப வரியை 30-லிருந்து 22 ஆக்கினார்கள். சோப்பு வரி 5 ஆவதற்கு ஏழை 2025 வரை காத்திருந்தான். கேட்டால் "தலையெழுத்து" என்கிறான்! தோழர்களே, வரியை எழுதியது பிரம்மாவல்ல. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய மனிதர்கள். ஆகவே, தாங்கும் சக்திக்குத் தக்கபடி வரி போடு என்று அவர்களைக் கேளுங்கள்.