கணப்புக்குப் பின்னால் ஒரு கொதிகலன்



தைப்பிங் வட்டாரத்து மழையைப் பற்றிக் கமுந்திங்கில் வாழும் நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பிற்பகலில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால், குழந்தைக்கும் முதியவருக்கும் குளிக்க வெந்நீர் வைத்தாக வேண்டும். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில், வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, அதன்மேல் அண்டாவை ஏற்றினோம். புகை அதன் போக்கில் வானத்துக்குப் போயிற்று. நெருப்பு வீட்டுக்குள் வந்துவிட்டாலோ அதற்கு இரண்டு வழிகள் வேண்டும். காற்று உள்ளே வர ஒரு வழி. எரிந்த வாயு வெளியே போக ஒரு வழி. இவற்றில் ஒன்று கெட்டாலும் உயிருக்கு ஆபத்து.

இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்தில் உள்ள கோலா செபெத்தாங் கரிச்சூளைகளைப் பலரும் பார்த்திருப்போம். சூளையில் சதுப்புநிலக் காட்டு மரத்தை அடுக்கித் தீ மூட்டியபின், வாயைச் சிறிது சிறிதாக அடைத்துவிடுகிறார்கள். காற்றுக் குறைவதால் மரம் சாம்பலாகாமல் கரியாகிறது. இப்படிக் காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலாக அது இறுகப் பற்றிக்கொள்கிறது. மூச்சு நடந்துகொண்டே இருக்கும். ஆனால் உடம்புக்குப் பிராணவாயு போய்ச் சேராது.

நம் வீடுகளில் குளியலறை வெந்நீருக்குப் பெரும்பாலும் மின்சாரம்தான். ஆனால் 1960, 1970களில் தாதியர் பயிற்சிக்காகப் பிரிட்டனுக்குச் சென்ற மலேசியப் பெண்கள் பலர் அங்கேயே குடும்பமாகிவிட்டனர். இன்று படிக்கச் செல்லும் பிள்ளைகளும் அங்குள்ள பழைய வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். அத்தகைய வீடுகள் சிலவற்றில் ‘பேக் பாயிலர்’ என்ற சாதனம் இன்னமும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

கூடத்துச் சுவரில் குளிர்காய ஓர் எரிவாயுக் கணப்பு இருக்கும். அதன் பின்னால், பழைய புகைபோக்கியின் அடிக்குழியில், வெந்நீர்க் கொதிகலன் ஒளிந்திருக்கும். இரண்டையும் தனித்தனியே இயக்கலாம். ஆனால் இரண்டின் புகையும் ஒரே குழாய் வழியாகத்தான் மேலே போகும். எரிவதற்கான காற்றைக் கொதிகலன் அந்த அறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இப்போது ஒரு கேள்வி எழுகிறது. முன்னால் உள்ள கணப்பு பழுதாகிக் கழற்றப்பட்டுவிட்டது. கொதிகலன் நன்றாகத்தானே எரிகிறது, வெந்நீருக்கு மட்டும் பயன்படுத்தலாமா?

தகுதி பெற்ற எரிவாயுப் பணியாளர் சோதித்துச் சொல்லும்வரை பயன்படுத்தக் கூடாது என்பதே விடை. கணப்பின் முகப்பு வெறும் அலங்காரமன்று. அதைக் கழற்றினால், அதன் புகை போன வழி திறந்து கிடக்கலாம். அப்போது புகைக்குழாயின் இழுவை குலைந்து, கொதிகலனின் புகை அறைக்குள்ளேயே திரும்பக்கூடும். கணப்புக்கு வந்த எரிவாயுக் குழாயையும் முறைப்படி அடைத்திருக்க வேண்டும். சில வகைக் கொதிகலன்களுக்கு முகப்பின் இடத்தில் பொருத்த, தயாரிப்பாளரே தனித் தகடு கொடுத்திருப்பார். சிலவற்றுக்கு அந்த அனுமதி இல்லை. நாமாக ஒரு பலகையை வைத்து மறைப்பதும், குளிர்காற்று வருகிறதென்று சுவரிலுள்ள காற்றுத்துளையைத் துணியால் அடைப்பதும் ஆபத்தை இரட்டிப்பாக்கும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில் கொதிகலனை நிறுத்துங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரருக்கு உடனே அறிவியுங்கள். ஆண்டுக்கொரு முறை எரிவாயுச் சாதனங்களைச் சோதிப்பிப்பது பிரிட்டனில் அவருடைய சட்டக் கடமை. வருகிற பணியாளர் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் உள்ளவர்தானா என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். 2009 முதல் அங்கு நடைமுறையில் இருப்பது அந்தப் பதிவேடே. புகை சரியாக மேலே இழுக்கப்படுகிறதா என்று அவர் சோதிப்பார். அதுவரை, வெந்நீர்த் தொட்டியில் மின்சூடேற்றி இருந்தால் அதைக் கொண்டு சமாளிக்கலாம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் அறையில் இருக்கட்டும். ஆனால் கருவி இருக்கிறதே என்று பழுதான கொதிகலனை எரிக்கலாகாது.

நீல நிறத்தில் எரியவேண்டிய சுடர் மஞ்சளாக ஆடுவதும், சாதனத்தைச் சுற்றிக் கரி படிவதும் எச்சரிக்கைகள். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை வீட்டிலுள்ள பலருக்கும் ஒருசேர வந்து, வெளியே போனதும் குறைந்தால், அதைச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிப் படுத்துவிடாதீர்கள். எல்லாரும் உடனே வெளியேறி, மருத்துவ உதவி தேடுங்கள். பிரிட்டனிலும் நம் நாட்டிலும் அவசர உதவிக்கு 999 எண்ணையே அழைக்கலாம்.

இது கடல்கடந்த பிள்ளைகளுக்கு மட்டும் சொன்ன செய்தியன்று. பிள்ளை பெற்ற வீட்டில் கதவு சன்னலை எல்லாம் சாத்திவிட்டுச் சாம்பிராணிக்காகக் கரித்தணலை அறைக்குள் வைப்பது நம்மிடையே உள்ள பழக்கம். தணல் புகையவில்லையே என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். புகையாத தணலிலிருந்தும் அதே நச்சுவாயு வரும். சாம்பிராணி போடத்தான் வேண்டுமென்றால் சன்னல் திறந்திருக்கட்டும். சட்டியை அறையில் விட்டுவிட்டுத் தாயும் சேயும் உறங்க வேண்டாம். வெள்ளக் காலத்தில் மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரையும் வீட்டுக்கு வெளியே, சன்னலுக்கு எட்டவே வைத்து ஓட்ட வேண்டும்.

அடுத்த முறை வெளிநாட்டிலுள்ள பிள்ளையோடு தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு நில்லாமல், வெந்நீர் எதில் காய்கிறது, அதன் புகை எங்கே போகிறது என்றும் கேளுங்கள். ஒரு நிமிடக் கேள்விதான். ஓர் உயிரை அது காக்கலாம்.