பொய்ச் சொடுக்கு

(கிட்வாய் நகரில், சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நான் எடுத்துக்கொண்ட பொருளோ விளம்பரம். நம் வீட்டுக் கூடத்திற்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்ட பொருள் இதுவாதலின், சிறிது பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றேன்.

கணினியிலும் கைப்பேசியிலும் தோன்றும் விளம்பரங்கள் பலவற்றுக்கு, நாளிதழில் போல் இடத்தை அளந்து கட்டணம் வாங்குவதில்லை. பார்ப்பவர் விளம்பரத்தைச் சொடுக்கினால், சொடுக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று விளம்பரம் தந்தவர் செலுத்த வேண்டும். 2003-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம், பிறருடைய வலைத்தளங்களிலும் விளம்பரங்களை இட்டு, வருவாயில் ஒரு பங்கை அத்தளத்தாருக்கு அளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று.

சொடுக்குக்கு ஏன் விலை? ‘இன்னார் இப்பொருளை அறிய விரும்பினார்’ என்பதற்கு அது சான்று. சான்றுக்கு விலை ஏற்பட்டதும் பொய்ச் சான்றும் சந்தைக்கு வந்தது. பங்குப் பணத்துக்காகத் தன் தளத்து விளம்பரங்களைத் தானே ஆள் வைத்துச் சொடுக்குவோர் ஒரு சாரார். போட்டியாளரின் பணத்தைத் தீர்க்கச் சொடுக்குவோர் மற்றொரு சாரார்.

நம் குடியிருப்பில் இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மையார் ஒருவர், நாளுக்கு 200 ரூபாய் விளம்பரத்துக்கு ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொடுக்கு ஒன்றுக்கு 10 ரூபாயானால், 20 சொடுக்கில் அன்றையத் தொகை தீர்ந்தது. எவரோ ஏவிய 20 விரல்கள் காலையிலேயே அதைச் செய்து முடித்தால், மாலையில் உண்மையாகவே மாவு தேடும் குடும்பத்தின் கண்ணில் அவ்விளம்பரம் படாது. நட்டம் அம்மையாருக்கு; இலாபம் முகமறியாத ஒருவனுக்கு!

ஒரே கணினியிலிருந்து ஒருவனே ஓயாது சொடுக்கினால் நிறுவனங்கள் எளிதில் கண்டுபிடித்து, அவற்றைச் செல்லாதவை என்று தள்ளிவிடும். ஆகவே வஞ்சகனுக்குப் பல வீடுகள் வேண்டும். பல கைகள் வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத குடும்பங்களின் கைகளே வேண்டும். 2004 மே மாதத்தில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. நமக்கு வெகு தொலைவில் இல்லாத வசந்த் விஹாரில், மடியில் குழந்தையுடன் ஒரு பெண்மணி மாலைதோறும் விளம்பரங்களைச் சொடுக்குகிறார். சொடுக்கு ஒன்றுக்கு 18 முதல் 25 சென்ட் வரை கூலி. பெருநகரங்களில் இல்லத்தரசிகளும் பட்டதாரிகளும் இவ்வாறு மாதம் 100 முதல் 200 டாலர் வரை ஈட்டினர் என்றது அச்செய்தி.

இதனால் எவருக்கு என்ன கேடு என்று கேட்பாருண்டு. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில், லேன்ஸ் கிஃப்ட்ஸ் என்ற பரிசுப்பொருள் கடையும் பிறரும், பொய்ச் சொடுக்குகளுக்கும் தங்களிடம் பணம் பெறப்பட்டதென்று வழக்குத் தொடுத்தனர். 2006-இல் கூகிள் 9 கோடி டாலர் வரையிலான உடன்பாட்டுக்கு இசைந்தது. பின்னர் மனித விரலே தேவையற்றுப் போயிற்று. 2011-இல் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை வெளிப்படுத்திய ஒரு சதியில், சுமார் 100 நாடுகளில் 40 இலட்சம் கணினிகள், உடையவர் அறியாமலே வஞ்சகர்க்கு ஏவல் செய்தன. அவர்கள் ஈட்டியது குறைந்தது 1 கோடியே 40 இலட்சம் டாலர்.

அன்பர்களே, கூலிக்குச் சொடுக்கியவரே கொள்ளை போன கதை நம் அண்டையில் நொய்டாவிலேயே நிகழ்ந்தது. 5,750 ரூபாய் முதல் 57,500 ரூபாய் வரை கட்டிச் சேர்ந்தால், சொடுக்கு ஒன்றுக்கு 5 ரூபாய் தருவதாக அப்ளேஸ் இன்ஃபோ சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் கூறிற்று. 2017 பிப்ரவரியில் உத்தரப்பிரதேசக் காவல்துறையின் சிறப்புப் படை அதன் நடத்துநரைக் கைது செய்தது. சுமார் ஆறரை இலட்சம் மக்களிடம் 3,700 கோடி ரூபாய் திரட்டப்பட்டதென்றும், புதியவர் கட்டிய பணமே பழையவர்க்குக் கூலியாயிற்று என்றும் காவல்துறையினர் கூறினர். 2024-இல் கோயம்புத்தூரிலும், விளம்பரம் பார்த்தால் பணம் என்று உறுப்பினர் சேர்த்த நிறுவனத்தின்மீது வழக்குப் பதிவாயிற்று.

அரசு ஊழியர் குடும்பங்களாகிய நமக்குச் சான்றொப்பத்தின் மதிப்பை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கெஜட்டட் அதிகாரியின் வாசலில் நகலும் கையுமாய் மாணவர் காத்திருந்த காலம் உண்டு. மூலத்தைக் காணாமல் அவர் பச்சை மையைத் தொடமாட்டார். பத்து ரூபாய் நீட்டினால் கையொப்பம் இடுவாரா? சொடுக்கும் அத்தகைய கையொப்பமே. வள்ளுவப் பெருந்தகை கள்ளாமையை 29-ஆம் அதிகாரமாகவும், வாய்மையை 30-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். பொய்ச் சொடுக்கு ஒரே அசைவில் அவ்விரண்டையும் மீறுகின்றது.

ஆகவே, வேலை தேடும் இளைஞர்க்கும் ஓய்வூதியம் பெறும் பெரியோர்க்கும் ஒன்று சொல்வேன். ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்று எவரேனும் அழைத்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். வேலை தருமுன் நம்மிடம் பணம் கேட்கிறானா? நம் உழைப்பால் எவருக்கு எப்பயன் விளைகிறது? அப்பயனுக்கு விலை கொடுப்பவர், நாம் செய்வதை நேரில் கண்டால் மகிழ்வாரா? மூன்றாவது கேள்விக்கு விடை ‘இல்லை’ என்றால், கூலி எத்துணையாயினும் அது நமக்கு வேண்டாம்.

ஊர்விட்டு ஊர் வந்து தலைநகரில் நாம் ஈட்டிய பெருஞ்செல்வம் ‘நம்பலாம்’ என்ற பெயரே. வஞ்சகன் விலைபேசுவதும் அதற்கே. அதனை விற்காதிருப்போமாக!