பிறகு என்ன ஆயிற்று?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பாட்டும் நாடகமும் காத்திருக்கும் மாலையில் நடுவே ஒரு சொற்பொழிவைச் செருகுவது சபையோரின் பொறுமையைச் சோதிப்பதாகும். செயலாளர் அவர்கள் இருபது நிமிஷம் என்று வரையறுத்திருக்கிறார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்போருக்கு நேரத்தின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிகள் தாமதமாக வருவது வேறு விஷயம்.

2023-ஆம் ஆண்டில் 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் இரண்டாம் பகுதி வெளிவந்து சில வாரங்கள் கழிந்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்து நூல்நிலையத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தோம். இந்தக் கரக்பூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு சிறுமி, பத்தாம் வகுப்பில் படிப்பவள், அருகில் வந்து, "மாமா, மூன்றாம் பாகம் எப்போது வரும்?" என்று கேட்டாள். கதை அவ்வளவில் முடிந்துவிட்டதென்றும், அது கல்கி என்பவர் எழுதிய நாவலென்றும் கூறினோம். "சரி, அவர் அடுத்து என்ன எழுதுகிறார்?" என்றாள்.

அவர் 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் காலமானார் என்று சொன்னோம். குழந்தையின் முகம் வாடிவிட்டது. அன்று நாம் சொன்ன விடை பிழையன்று. ஆனால் மிகவும் குறுகிய விடை. அதன் மிச்சத்தைத்தான் இன்று சபையின் முன் வைக்கிறோம்.

'பிறகு என்ன ஆயிற்று?', 'அடுத்து என்ன எழுதப் போகிறார்?' என்ற இவ்விரு கேள்விகளும் கல்கி அவர்களை அவருடைய வாழ்நாளெல்லாம் தொடர்ந்தன. அவருடைய சரித்திர நாவல்கள் மூன்றையும் எழுதப்பெற்ற வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். முதலாவதான 'பார்த்திபன் கனவு' 1941 முதல் 1943 வரை வெளிவந்தது. அதில் மாமல்ல நரசிம்மவர்மர், வளர்ந்த மகளுக்குத் தந்தையாக, புகழ் நிலைத்த சக்கரவர்த்தியாக வருகிறார். 1944 முதல் 1946 வரை வந்த 'சிவகாமியின் சபத'த்திலோ அதே மாமல்லர் வாலிபராக, காதலராக, தந்தைக்கு அடங்கிய பிள்ளையாக நிற்கிறார். முதுமையை முதலில் காட்டி இளமையைப் பின்னர் காட்டினார் ஆசிரியர். 'அடுத்து என்ன?' என்று வாசகர் முன்னோக்கியிருக்க, அவரோ, 'இதற்கு முன் என்ன நடந்தது தெரியுமா?' என்று பின்னோக்கி அழைத்துச் சென்றார்.

'பார்த்திபன் கனவி'ன் முடிவில் ஒரு வாக்குறுதி இருக்கிறது. சோழநாடு மீண்டும் தலைநிமிர வேண்டுமென்று பார்த்திபன் கண்ட கனவு அவன் மகன் விக்கிரமன் காலத்தில் முற்றும் நிறைவேறவில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இராஜராஜனும் இராஜேந்திரனும் தோன்றிய காலத்திலேதான் அது நனவாயிற்று. இப்படிப் படித்தவர்கள் அந்தக் கதையும் ஒரு நாள் வரும் என்று எண்ணியிருந்தால் அவர்கள்மீது குற்றமில்லை. ஏழாண்டுகள் கழித்து, 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் 'பொன்னியின் செல்வன்' தொடங்கிற்று. 1954 மே 16 வரையில், மூன்றரை ஆண்டுகள், வாரந்தோறும் வந்தது.

வாரப் பத்திரிகை தெற்கேயிருந்து ரயிலேறி இங்கு வந்து சேரச் சில நாட்களாகும். எங்கள் பாட்டனார் அப்போது இவ்வூர் ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்தார். பத்திரிகை வந்த அன்று குடியிருப்பிலுள்ள தமிழ்ப் பெண்டிர் நால்வர் ஐவர் நடுப்பகலில் எங்கள் வீட்டில் கூடுவார்களாம். பாட்டியார் உரக்கப் படிப்பாராம். பின்னர்க் கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, கோதுமைப் பசை தடவி, துணி ஒட்டிப் புத்தகமாக்கி வைத்தார்கள். அவ்வாறு கட்டிய ஐந்து தொகுதிகள் எங்கள் வீட்டில் இருந்தன. மணியம் அவர்களின் சித்திரங்களும், சில பக்கங்களின் பின்புறத்தில் தலைவலி மருந்து விளம்பரங்களும் அவற்றில் உண்டு. நாம் தமிழ் எழுத்துக் கூட்டக் கற்றது பள்ளியில் அன்று, அந்தத் தொகுதிகளில்தான்.

ஆனால் ஐந்தாவது தொகுதியின் கடைசி ஏடுகள் உதிர்ந்துபோயிருந்தன. பசை சரியில்லையோ, கரையான் செய்த வேலையோ, தெரியாது. ஆகையால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரையில் 'பொன்னியின் செல்வன்' முடிவுபெறாத கதை. பாட்டியார் முதன்முறை அந்தப் பக்கங்களையும் படித்திருக்கத்தான் வேண்டும். முதுமையில் நினைவு தடுமாறியபோது அது அடியோடு மறந்துவிட்டது. நாம் படித்துக் காட்டுகையில் ஏடு உதிர்ந்த இடம் வந்ததும், ஒவ்வொரு முறையும், "அந்த நந்தினி பிறகு என்ன ஆனாள்?" என்று கேட்பார். "தெரியவில்லையே, பாட்டி" என்போம். சிறிது நேரம் யோசித்து, "காசிக்குப் போயிருப்பாள்" என்பார். துன்பப்பட்ட பெண்கள் யாவரும் இறுதியில் காசிக்குப் போவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

கல்கி அவர்களின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் மலிவான பதிப்புகள் பல வந்தன. விடுமுறையில் சென்னைக்குச் சென்றிருந்தபோது ஐந்து பாகங்களையும் வாங்கினோம். திரும்பும் வண்டியில் முதலில் பிரித்தது ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களைத்தான். அங்கே 'முடிவுரை' என்று ஒன்று இருந்தது. வண்டி ஒரு சிறு நிலையத்தில் கைகாட்டிக்காகக் காத்துநின்றது. நாம் படித்துக்கொண்டே இருந்தோம். பாட்டியார் காலமாகி அப்போது இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

அந்த முடிவுரை வாசகர்களின் ஆவலுக்கு ஆசிரியர் நேர்முகமாகக் கூறிய மறுமொழி. கதை திடீரென்று முடிந்துவிட்டதாகப் பலர் குறைப்பட்டிருக்கிறார்கள். இன்னார் என்ன ஆனார், இன்னாருக்குத் திருமணம் ஆயிற்றா என்று கேட்டிருக்கிறார்கள். சமூகக் கதையை முடிப்பதும் சரித்திரக் கதையை முடிப்பதும் ஒன்றல்ல என்று அவர் விளக்குகிறார். கற்பனை மனிதர்களைத் திருமணப் பந்தலில் கொண்டுவந்து நிறுத்தி மங்களம் பாடிவிடலாம். சரித்திர மாந்தரோ கதை முடிந்த பின்னும் வாழ்கிறார்கள், அவர்கள் மக்களும் வாழ்கிறார்கள், எங்கே நிறுத்துவது? கைக்கு வந்த மணிமுடியை அருள்மொழிவர்மன் தன் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுத்த இடமே சிகரம் என்று கண்டு அங்கே நிறுத்தினார்.

ஆனாலும் வாசகர்களை வெறுங்கையுடன் அனுப்பவில்லை. முக்கியமான பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்கிறார். வந்தியத்தேவன் குந்தவையை மணந்தான் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டே சான்று. வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றே குந்தவைப் பிராட்டியார் அதில் குறிக்கப்பெறுகிறார். நந்தினியைப் பற்றியும் ஒரு விடை உண்டு. அதை இந்த மேடையில் சொல்லப் போவதில்லை. அது காசி அன்று என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

ஒரு கேள்விக்கு மட்டும் கதையின் உள்ளே தெளிவான விடை கிடைப்பதில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? விளக்கணைந்த அறையில் நடந்ததை ஆசிரியர் இருட்டிலேயே விட்டுவிட்டார். இதை அவருடைய குறை என்பாரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறித்து, அவர்களையும் அவர்களுடைய சுற்றத்தாரையும் சேர்ந்த நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. கொன்றவர் பெயர் கிடைத்துவிட்டது. ஏன் கொன்றனர் என்பது கிடைக்கவில்லை. நடுவில் உத்தம சோழர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆண்டாரே, அப்போது ஏன் தண்டனை இல்லை? இதனால் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழரை ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்லிலேயே தீராத வழக்கைக் கதாசிரியர் தீர்த்துவைத்திருந்தால் நமக்கு மனநிறைவு கிடைத்திருக்கும், வழக்கு தீர்ந்திராது.

இனி, 'அடுத்து என்ன?' என்ற கேள்விக்கு வருவோம். கல்கி அவர்கள் பிறகு எடுத்துக்கொண்டது சோழர் கதையன்று. 'அமரதாரா' என்னும் தம் காலத்துக் கதை. 'பொன்னியின் செல்வன்' முடிந்து ஏழு மாதம் நிறைவதற்குள் அவருடைய உயிர் பிரிந்தது. நின்றுபோன 'அமரதாரா'வை அவருடைய புதல்வி ஆனந்தி அவர்கள் தந்தையின் குறிப்புகளைக் கொண்டு நிறைவுசெய்தார். அந்தக் கடமையை ஏற்க எத்துணைத் துணிவு வேண்டும்!

ஆகவே, பார்த்திபன் கண்ட கனவு இராஜராஜனாலும் இராஜேந்திரனாலும் நனவான கதையைக் கல்கி அவர்கள் எழுதவேயில்லை. அருள்மொழிவர்மன் முடிசூடாத இடத்தில் அவருடைய சோழர் கதை நின்றுவிட்டது. பிறர் எழுதினார்கள். 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அந்த இழையைப் பற்றிக்கொண்டார். அகிலன் இராஜேந்திரனைத் தலைவனாக வைத்து 'வேங்கையின் மைந்தன்' எழுதினார். அதற்கு 1963-இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. அதில் வந்தியத்தேவர் முதியவராக வருகிறார். அதைப் படித்தபோது நமக்கு ஒரு நாள் முழுதும் மனம் சரியாக இல்லை. குதிரையேறித் திரிந்த அந்தக் குறும்புக்காரருக்கா நரை? பாலகுமாரன் பெரிய கோயில் எழும்பிய வரலாற்றை 'உடையார்' என்று ஆறு பாகங்களில் எழுதினார். எல்லாம் படிக்கத் தக்கவை. ஆயினும், இவற்றைக் கல்கியின் அடுத்த பாகமென்று எண்ணிக் கையிலெடுப்பவர் ஏமாறுவர். அவரவர் கதை அவரவருடையது.

கல்கி எழுதியிருந்தால் இராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்பை எப்படி எழுதியிருப்பார் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. அதற்கு நம் ஊரைச் சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. திருமலைக் கல்வெட்டிலுள்ள இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில், வங்காளதேசத்தோடும் மகிபாலனோடும் சேர்த்து, தண்டபுத்தி என்றொரு நாடும் சொல்லப்படுகிறது. அது நம் மேதினிபுரப் பகுதியிலுள்ள தாந்தன் வட்டாரமே என்று அறிஞர் பலர் கருதுவர். அன்பர்களே, அந்தத் தாந்தன் நமக்குத் தெரியாத ஊரா? கரக்பூரை விட்டு பாலேசுவரம் செல்லும் வழியில் உள்ள நிலையம். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது நம்முடைய வண்டி அதைக் கடந்துதான் போகிறது. குழந்தைகளுக்குச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று நாம் யோசிக்கும் இடம் அது. 1022, 1023 ஆண்டளவில் சோழர் படை இப்பக்கம் வந்தது. திருவாலங்காட்டுச் செப்பேட்டின்படி, தளபதி கங்கை நீருடன் திரும்பிவர, மன்னன் கோதாவரிக் கரையில் அவனைச் சந்தித்தான். அந்தக் கோதாவரியையும் நாம் ராஜமகேந்திரியில் கடக்கிறோம். எழுதப்படாத அந்தப் புத்தகத்தின் வழியெல்லாம் நம்முடைய ரயில்பாதையை ஒட்டியே கிடக்கிறது.

இவற்றையெல்லாம் அந்தச் சிறுமியிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. சில ஞாயிறுகளில் சிறிது சிறிதாகச் சொன்னோம். நந்தினியைப் பற்றி முடிவுரையில் இருப்பதை மட்டும் சொல்ல மறுத்துவிட்டோம். "ஆங்கிலத்தில் இருக்கிறதா, மாமா?" என்றாள். இருக்கிறது என்றோம். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நம் நூல்நிலையத்தில் இருப்பது தமிழ்ப் பிரதி மட்டுமே என்றும் சொன்னோம், அதுவும் உண்மைதான். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது. சங்கத்துத் தமிழ் வகுப்பில் சிறு பிள்ளைகளோடு அமர்ந்து அகரத்திலிருந்து தொடங்கினாள். முதலில் வெட்கப்பட்டாள், பிறகு பழகிவிட்டது.

இப்போது முதற்பாகத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு ஞாயிறு ஆகிறது. வீரநாராயண ஏரியின் கரையில் வந்தியத்தேவன் எழுபத்து நான்கு கணவாய்களை எண்ணிக்கொண்டு போகிறான் அல்லவா? போன வாரம், "கணவாய் என்றால் என்ன, மாமா?" என்று கேட்டாள். அகராதியைப் புரட்டினால் மலைகளுக்கு இடையிலுள்ள வழி என்று போட்டிருக்கிறது. ஏரிக்கரையில் மலைக்கு எங்கே போவது? மதகுபோல் ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வழி என்று, கையால் தரையில் கோடு கிழித்துக் காட்டினோம். எழுபத்து நான்கும் அப்படித்தானா என்று கேட்டாள். அப்படித்தான் என்றோம். அடுத்த ஞாயிறு மேலே படிப்பதாகச் சொல்லிவிட்டு, பக்கத்தின் நடுவில் ஒரு பழைய ரயில் டிக்கெட்டை அடையாளமாக வைத்து மூடினாள்.