மலைக்குப் போகும் வழியும் வீட்டுக்குச் சொல்லும் வழியும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கார்த்திகையில் மாலையணிந்து, நாற்பத்தொரு நாள் விரதமிருந்து, இருமுடி தாங்கிச் சபரிமலை செல்லும் அடியார்கள் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். விரதத்தின் பெருமையை எடுத்துச் சொல்லக் குருசாமிமார் உண்டு. நான் பேச எடுத்துக்கொண்டது ரெயிலும் தொலைபேசியும். இது பக்திக்குப் புறம்பான பேச்சென்று எண்ணிவிடாதீர்கள். கொழுந்தெடுத்தும் பால் வெட்டியும் மாதக்கணக்காகச் சேர்த்த பணமும், முதியோரின் பாதுகாப்பும் இதிலேதான் தங்கியிருக்கின்றன.

நம் பாட்டன்மார் காலத்தில் இந்தக் கவலை குறைவு. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறந்த பின், கொழும்புக் கோட்டையில் ரெயிலேறித் தலைமன்னாரில் இறங்கினால், தனுஷ்கோடிக்குக் கப்பல் காத்திருக்கும். அங்கே மறு ரெயில் காத்திருக்கும். இரத்தினபுரிக்கே 1912 முதல் சிறிய ரெயில் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரிப் பாதையும் 1970களில் கைவிடப்பட்டது. அன்று வழியின் துண்டுகளை ரெயில்காரர்களே பொருத்தி வைத்தார்கள்; இன்று அவற்றைப் பொருத்துவது நம் பொறுப்பு.

2023இல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் தொடங்கியது உண்மையே. ஆனால் ஐயப்பன் பருவமோ மழைக்காலம். கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். ஆகவே பெரும்பாலோர் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ விமானத்தில் செல்கின்றனர். சென்னையிலிருந்து கோட்டயம், செங்கன்னூர் செல்லும் ரெயில் உண்டு. செங்கன்னூரிலிருந்து பம்பைக்கு ஏறக்குறைய 90 கிலோமீற்றர் பஸ் பயணம். மதுரையில் இறங்குவோருக்குச் செங்கோட்டை, புனலூர் வழி வசதியானது. அந்த மலைப்பாதை அகலப்பாதையாக்கப்பட்டு 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது.

ரெயில் சீட்டு விஷயத்தில் மூன்று சங்கதிகளை மனத்திற் கொள்ளுங்கள். முதலாவது, காலம். இந்திய ரெயில்வேயில் 120 நாள் முன்பதிவு 2024 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சில வண்டிகளில் உள்ள தனி ஒதுக்கீட்டில் மட்டும் 365 நாள் முன்பே பதியலாம். இரண்டாவது, காத்திருப்போர் பட்டியல். இணையத்தில் வாங்கிய சீட்டு கடைசிவரை உறுதியாகாவிட்டால் அது தானாகவே இரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டியேற முடியாது. மூன்றாவது, பெயர். தோட்டப் பதிவில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டவர்கள் நம்மில் பலர். விசா, விமானச் சீட்டு, ரெயில் சீட்டு, சபரிமலைத் தரிசன முன்பதிவு யாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கெழுத்துப் பெயர் இருக்கவேண்டும்.

இனித் தொலைபேசி. இங்குள்ள சிம் அட்டைக்கு ரோமிங் வசதியைப் புறப்படுமுன்பே செய்துகொள்ளுங்கள். ஆனால் அதில் இணையத்தை அணைத்துவிடுங்கள், இல்லையேல் செலவு மீறும். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் அந்தச் சிம்முக்கே வருமாதலால் அதைக் கழற்றி எறிந்துவிடலாகாது. பேச்சுக்கும் இணையத்துக்கும் இந்தியச் சிம் வாங்குவது சிக்கனம். கடவுச்சீட்டு, விசாப் பிரதி, புகைப்படம் ஆகியவற்றைக் கொடுத்துத் தத்தம் பெயரிலேயே வாங்குங்கள். அது இயங்கச் சில மணிநேரம் பிடிக்கலாம் என்பதால், இறங்கியவுடனேயே ரெயிலுக்கு ஓடும்படி பயணத்தை வகுக்காதீர்கள். நம் மூன்று சதுரமுனைப் பிளக் அங்குள்ள வட்டத்துளையில் நுழையாது. மாற்றுப் பிளக் ஒன்று வேண்டும். அவசர உதவிக்கு 112, ரெயில் உதவிக்கு 139. வீட்டுக்குப் பேச முதற் பூச்சியத்தை விட்டு, +94 சேர்க்கவேண்டும்.

இத்தனையும் செய்த பின்னும், தொலைபேசியை மட்டும் நம்பிவிடாதீர்கள். எரிமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பெருவழியில் நடப்போருக்குக் காட்டில் பல இடங்களில் தொடர்பு கிடையாது. மகரவிளக்கன்று சன்னிதானத்தில் கூட்டமே தொடர்பை அடைத்துவிடும். 2011 ஜனவரி 14ஆம் திகதி புல்லுமேட்டு நெரிசலில் நூற்றுக்கு மேற்பட்ட அடியார்கள் மாண்டார்கள். அத்தகைய வேளையில் உடைந்துபோன தொலைபேசி எவர் பெயரையும் சொல்லாது. சட்டைப்பையிலுள்ள காகிதமே சொல்லும்.

ஆகவே ஒவ்வொரு சாமியும், சிறு பிள்ளை உட்பட, ஓர் அட்டை வைத்திருக்கவேண்டும். பெயர், கடவுச்சீட்டு இலக்கம், குருசாமியின் இந்திய இலக்கம், வீட்டாரின் இலக்கம், திரும்பும் ரெயிலின் பெயர், பெட்டி, ஆசனம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நனையாதபடி உறையிலிட்டுக் கொடுங்கள். எல்லாருடைய சீட்டையும் ஒருவர் தொலைபேசியில் மட்டும் வைத்திருப்பது பேராபத்து. அவர் வழி தவறினால் அனைவருமே வழி தவறியவர்களாவர்.

மன்றத்து இளைஞர்களே! இந்தச் சேவை உங்களுடையது. கடவுச்சீட்டைப் பார்த்துச் சீட்டுப் பதிய ஒருவர், சிம்மும் அட்டையும் பார்க்க ஒருவர், தோட்டத்திலேயே தங்கிச் செய்தி பெற ஒருவர் என மூவர் முன்வாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் ஒன்றே. இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து ஓர் அழைப்பு வரட்டும். இங்குள்ளவர் லயம் லயமாகச் செய்தி சொல்லட்டும். ஒரு நாள் அழைப்பு வராவிட்டால் பதறவேண்டாம் என்பதையும், மறுநாளும் வராவிட்டால் எவரைக் கேட்பதென்பதையும் புறப்படுமுன்பே வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள்.

மலையேறும் மகனுக்காக விளக்கேற்றி வைத்து லயத்து வாசலிலே காத்திருக்கும் தாயும் ஒரு விரதமே காக்கிறாள். அவளை அச்சத்திலே வாடவிடாமல் செய்வதும் ஐயனுக்குச் செய்யும் தொண்டேயாகும்.

சுவாமியே சரணம் ஐயப்பா!